மூன்றாவது துளையில் ஒரு குச்சி

என் வீட்டு அடுப்படியில், மிக்சிக்குப் பின்னால் இருக்கும் பிளக் பாயின்ட்டின் மேல்துளையில் ஒரு குச்சி நிற்கிறது. மீ கோரேங் பொட்டலத்தோடு வந்த சாப்ஸ்டிக்கில் பாதி. செருகியவன் நான்தான். ஊரார் வீடுகளுக்கெல்லாம் வயரிங் செய்து கொடுத்துவிட்டு, "இப்படிக் குத்தாதீர்கள் அம்மா, ஆபத்து" என்று இருபத்தாறு ஆண்டுகளாகச் சொல்லி வரும் அதே ஆள். மனைவியின் கைப்பேசிக்கு யாரோ வாங்கிக் கொடுத்த இரண்டு முள் சார்ஜர் ஒன்று உண்டு. ஒரு நாள் அவசரத்துக்குக் குத்தினேன். அந்த அவசரம் மூன்று வருடமாக நீடிக்கிறது.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குச்சியை விளக்க வேண்டியதில்லை. பேனா மூடி, தீக்குச்சி, துணிச்சல்காரர்கள் கையில் வீட்டுச் சாவி என்று அதற்குப் பல அவதாரங்கள். ஆனால் அந்த மேல்துளை ஏன் அப்படி இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. பிரிட்டனில் 1947-ல் வந்த தரத்தின்படி செய்த பிளக் இது. எர்த் முள் மற்ற இரண்டையும்விட நீளம். அது முதலில் உள்ளே போய், லைவையும் நியூட்ரலையும் மூடியிருக்கும் சிறு கதவுகளைத் திறக்கிறது. எடுக்கும்போது கடைசியாக வெளியே வருகிறது. "எர்த் வந்து சேர்ந்துவிட்டது, இனி நீ திறக்கலாம்" என்று பிளக் சாக்கெட்டிடம் சொல்லும் வார்த்தை அந்த நீளம். குச்சி அதே வார்த்தையைச் சொல்கிறது. வித்தியாசம், அது பொய் சொல்கிறது.

இதை இவ்வளவு தூரம் யோசிக்க வைத்தது ஒரு கணினி. 230 வோல்ட், 415 வோல்ட் என்று பார்த்துப் பழகியவனுக்கு 12 வோல்ட் எல்லாம் விளையாட்டுச் சாமான். அந்த எண்ணத்தோடுதான் தங்கை வீட்டுக்குப் போனேன்.

செந்தூலில் ஓர் இரவு

தங்கை குடும்பம் செந்தூலில் அடுக்குமாடி வீடு ஒன்றில் இருக்கிறது. அவள் மகள், என் மருமகள், அனிமேஷன் படிக்கிறாள். லோ யாட் பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கி, விலை பேசி, பாகம் பாகமாக வாங்கி, தானே பூட்டிய கணினி அவளுடையது. அதில் திரைக்குப் படம் வரைந்து தரும் ஒரு பெரிய கிராஃபிக்ஸ் கார்டு. மூன்று செங்கல்லை அடுக்கியது போலத் தடிமன். பக்கத்தில் இன்னொரு கார்டு செருக இருந்த ஸ்லாட்டையும் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவளிடம் இன்னொரு சிறிய பழைய கார்டும் இருந்தது. தனியாக மின்கம்பி கேட்காத வகை. வேண்டிய மின்சாரத்தை எல்லாம் ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். படங்களை ரெண்டர் செய்யும்போது, அதாவது கணினி கணக்குப் போட்டு முழுப் படமாக்கும்போது, இரண்டும் சேர்ந்து உழைத்தால் ஓர் இரவில் வேலை முடியும் என்பது அவள் கணக்கு.

2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற மின்நாணயத்தை இத்தகைய கார்டுகளைக் கணக்குப் போட வைத்துத் 'தோண்டும்' முறை நின்றுபோனது நினைவிருக்கும். பின்னறையில் இரும்புச் சட்டம் அடித்து, காற்றாடி வைத்து, கார்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தவர்கள் எல்லாவற்றையும் கிடைத்த விலைக்கு விற்றார்கள். அந்த வகையில் தோழியின் அண்ணன் ஒருவனிடமிருந்து பதினைந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு ரைசர் வாங்கியிருந்தாள். கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் இருக்கும் மிகச் சிறிய ஸ்லாட்டில் ஒரு விரல் அகலப் பலகை. அதிலிருந்து ஒரு யுஎஸ்பி கேபிள். கேபிளின் மறுமுனையில் முழு நீள ஸ்லாட் உள்ள இன்னொரு பலகை. யுஎஸ்பி கேபிள் என்றாலும் அதில் யுஎஸ்பி கிடையாது. உள்ளே நல்ல இணைக்கம்பிகள் இருக்கின்றன என்பதற்காகக் கடன் வாங்கிய கேபிள் அது. தரவு மட்டும் அதன் வழியே போகும். கார்டுக்கு வேண்டிய மின்சாரத்தை மறுமுனைப் பலகைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். அதற்கும் பெட்டியிலேயே ஒரு கேபிள் வந்திருந்தது. ஒரு முனையில் ஆறு முள் பிளக். மறுமுனையில், ஹார்ட் டிஸ்க்குக்குச் செருகுவோமே, அந்தத் தட்டையான சாட்டா பிளக்.

"மாமா, இந்தக் கம்பியை மட்டும் ஒரு தடவை பார்க்கிறீர்களா? எனக்குப் பயமாக இருக்கிறது" என்றாள்.

பார்த்தேன். மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு எர்த். முனைகள் இரண்டு பக்கமும் சிக்கென்று உட்கார்ந்தன. "பன்னிரண்டு வோல்ட்தானே அம்மா, என்ன ஆகிவிடப் போகிறது" என்று சொல்லி, தங்கை போட்ட தேநீரைக் குடித்துவிட்டுப் புறப்பட்டேன். அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

விடியற்காலை மூன்றரை மணிக்குத் தங்கையின் அழைப்பு. "அண்ணா, பிளாஸ்டிக் கருகுகிற வாசனை வருகிறது." செலாயாங்கிலிருந்து செந்தூலுக்கு அந்நேரத்தில் பதினைந்து நிமிடம்கூட ஆகாது. நான் போவதற்குள் மருமகள் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டிருந்தாள். தீ இல்லை. சாட்டா பிளக் மட்டும் கருத்து, நுனி உருகி, பக்கத்துப் பிளக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குறட்டால் பிடுங்கித்தான் எடுக்க முடிந்தது.

விடிந்த பிறகு மருமகள் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். சாட்டா பிளக்கில் பதினைந்து முனைகள். அவற்றில் 12 வோல்ட்டுக்கு மூன்று. ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மொத்தம் 4.5 ஆம்பியர், 54 வாட். மறுமுனையில் இருந்த ஆறு முள் பிளக்கோ 75 வாட் தரக்கூடியது என்று தரத்தில் பெயர் வாங்கியது. ரைசர் பலகை 3.3 வோல்ட்டையும் 12 வோல்ட்டிலிருந்துதான் உண்டாக்கிக்கொள்கிறது. ஆக, 75 வாட் கேட்கும் கார்டு ஆறு ஆம்பியருக்கு மேல் கேட்டது. நாலரைக்குச் செய்த முனைகள் இரவெல்லாம் அதைக் கொடுத்துக்கொண்டிருந்தன. ஒரு மணி நேர விளையாட்டாக இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். எட்டு மணி நேர ரெண்டரிங்கில் தப்பவில்லை.

கணினிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை ஏன் தானாக நிற்கவில்லை என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி; பதில் என் தொழிலிலேயே இருந்தது. அந்தப் பவர் சப்ளை 850 வாட். 12 வோல்ட்டில் எழுபது ஆம்பியர் வரை கொடுக்க வல்லது. அதற்கு ஆறு ஆம்பியர் கொசுக்கடி. வீட்டுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியில் இருக்கும் 32 ஆம்பியர் பிரேக்கர், மேசை விளக்கின் மெல்லிய கம்பி கருகுவதை எப்படி அறியாதோ அப்படி. அதனால்தான் நம் மூன்று முள் பிளக்கின் வயிற்றுக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் வைத்தார்கள்: விளக்குக்கு மூன்று ஆம்பியர், கெட்டிலுக்குப் பதின்மூன்று. சுவருக்குள் ஓடும் கம்பியை பிரேக்கர் காக்கும். வெளியே தொங்கும் கம்பியை பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸ் காக்கும். கணினிக்குள் தொங்கும் கம்பிகளுக்கு அப்படி ஒரு காவலன் இல்லை. இதை ஒரு வாடிக்கையாளர் வீட்டில் யாராவது செய்திருந்தால், ஏர்கோனை எக்ஸ்டென்ஷனில் மாட்டியவரைத் திட்டுவது போலத் திட்டியிருப்பேன்.

என்னை உறுத்தியது அதுவல்ல. நான் கம்பியின் நிறத்தைப் பார்த்தேன், முனை உட்காருகிறதா என்று பார்த்தேன். எவ்வளவு தாங்கும் என்று கேட்கவில்லை. பொருந்தியது, அதனால் சரி என்று முடிவு கட்டினேன். ஒரு ஜோடிக்குப் பொருத்தம் பார்க்கிற ஜோசியர்கூடப் பத்துப் பொருத்தம் பார்க்கிறார். நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

குட்டைப் பல்

மறுவாரம் போனபோது மருமகள் சிறிய கார்டை மடியில் வைத்து, அதன் விளிம்பில் இருக்கும் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று முகம் வாடியது. "மாமா, இதுவும் கெட்டுவிட்டது போல. ஒரு பல் தேய்ந்திருக்கிறது."

வாங்கிப் பார்த்தேன். ஒரு முகத்தில் முதல் பல் மற்றவற்றைவிடக் குட்டை. திருப்பினேன். மறுமுகத்தில், நேர் எதிர்க் கோடியில், இன்னொரு குட்டைப் பல். கருகலும் இல்லை, சுரண்டலும் இல்லை. அளவெடுத்து வெட்டியது போல நேராக முடிந்திருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இந்தக் குட்டையை நான் பார்த்திருக்கிறேன்.

அதே மாதம் மோன்ட் கியாராவில் ஒரு கொண்டோமினியத்தில் மின்கார் சார்ஜர் பொருத்தியிருந்தேன். கார் பிளக்கில் ஏழு முனைகள். ஐந்து பெரியவை, இரண்டு சிறியவை. மின்சாரத்தைச் சுமப்பது பெரியவை. சிறியவை இரண்டும் பேச்சுக்கு. ஒன்று கேபிளின் தகுதியைச் சொல்லும்: உள்ளே ஒரு ரெசிஸ்டர், 220 ஓம் என்றால் இந்தக் கேபிள் 32 ஆம்பியர் தாங்கும், 680 என்றால் 20, 1,500 என்றால் 13. மற்றது காரும் சார்ஜரும் பேசிக்கொள்ளும் கம்பி. பிளக் செருகாதபோது அதில் 12 வோல்ட். கார் சேர்ந்ததும் 9. "நான் தயார்" என்று கார் சொன்னால் 6. அதற்குப் பிறகுதான் உள்ளே கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் 'டக்' என்று மூடும். அதுவரை பெரிய முனைகளில் ஒன்றும் இல்லை, பச்சைத் தண்ணீர். அந்த இரண்டு சிறிய முனைகளும் செருகும்போது கடைசியாகச் சேர்ந்து, எடுக்கும்போது முதலில் பிரிகின்றன. யாராவது பாதியில் பிடுங்கினால், பேச்சு அறுந்து, மின்சாரம் நின்று, அதற்குப் பிறகே பெரிய முனைகள் பிரியும். தீப்பொறிக்கு இடமில்லை.

கார்டின் குட்டைப் பல்லும் அதே வம்சம்தான். கார்டு உட்காரும் ஸ்லாட்டின் தரத்துக்குப் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ். அதன் முழு நீள ஸ்லாட்டில் 164 முனைகள். அவற்றில் 12 வோல்ட் கொண்டுவருபவை ஐந்தே ஐந்து, 3.3 வோல்ட்டுக்கு மூன்று. ஒரு முனைக்கு 1.1 ஆம்பியர் வீதம் 12 வோல்ட்டில் 66 வாட், 3.3-ல் சுமார் பத்து வாட். சேர்த்தால்தான் அந்த 75. மீதி முனைகளில் பெரும்பாலானவை தரவும் எர்த்தும். அந்தக் கூட்டத்தில் 'வந்துவிட்டேன்' என்று சொல்ல இந்தக் கார்டு பயன்படுத்தும் முனை இரண்டு. கார்டுக்குள் அவை ஒரே கோட்டால் இணைந்திருக்கும், அவ்வளவுதான். ஒன்று இந்தக் கோடி, மற்றது அந்தக் கோடி. கார்டு சற்றே சாய்ந்து உட்கார்ந்தால் ஏதாவது ஒரு பக்கம் தொடாது. குட்டையாகவும் இருப்பதால், முழுக்க இறங்கினால் ஒழியத் தொடாது. ஒரு செப்புக் கோட்டை வைத்துக்கொண்டு இவ்வளவு பேச வைத்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்.

இன்னொரு முனை கார்டைச் சற்று நேரம் தூங்க வைத்திருக்கும். மின்சாரம் நிலைபெற்று 100 மில்லிவினாடியாவது கடந்த பிறகே அது "இனி எழுந்திரு" என்கிறது. இதற்கு முந்தைய பிசிஐ ஸ்லாட்டிலும், 1993-லேயே, இரண்டு முனைகளை எர்த்தோடு சேர்ப்பதா வேண்டாமா என்பதை வைத்து "எனக்கு ஏழரை வாட் போதும், 15 வேண்டும், 25 வேண்டும்" என்று கார்டு கேட்கும் ஏற்பாடு இருந்தது. சின்னச் சாமான் என்று நான் நினைத்த உலகில் முப்பது வருடமாக இந்த மரியாதை நடந்து வந்திருக்கிறது. கருகிய சாட்டா பிளக்கில்தான் இந்த மரியாதை இல்லை. அதில் ஹார்ட் டிஸ்க்கைத் தவிர வேறு யாரும் வரமாட்டார்கள் என்று நம்பி வைத்துவிட்டார்கள்.

ஐம்பது ஆம்பியர்

அதன் பிறகு இரண்டு வாரம், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இதே படிப்பு. மனைவி "பரீட்சை எப்போது?" என்று கேட்கும் அளவுக்குப் போனது.

ஸ்லாட் தரும் 75 வாட் போதாமல் போய் வெகுகாலம் ஆகிறது. அதற்காகவே கார்டின் முதுகில் தனிப் பிளக்குகள் வந்தன. ஆறு முள் என்றால் 75, எட்டு முள் என்றால் 150. எட்டில் 12 வோல்ட்டுக்கு மூன்று முனைதான். கூடுதலாக வந்த இரண்டும் எர்த் பக்கம். எட்டு முள்ளில் இரண்டு முனைகள் வெறும் அடையாளம்: இரண்டும் எர்த்தைத் தொட்டால் முழு எட்டு முள் பிளக் வந்திருக்கிறது என்று பொருள், ஒன்று மட்டும் தொட்டால் ஆறு முள். கடையில் ஆறை எட்டாக்கும் அடாப்டர் விற்கிறார்கள். அதன் உள்ளே இருப்பது என்ன? அந்த இரண்டாவது அடையாள முனையை எர்த்தோடு சேர்த்த ஒரு துண்டுக் கம்பி. அதுதான் சாப்ஸ்டிக். என்றாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. 150 வாட் என்பது மூன்று முனைகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நாலு ஆம்பியர் சொச்சம். அந்த முனைகள் அதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு தாங்கும். பழைய பிளக்கைச் செய்தவர்கள் மனிதரின் குணம் அறிந்து இடம் விட்டு வைத்தவர்கள்.

2022-ல் வந்த பதினாறு முனைப் பிளக்கில் அந்த இடம் போய்விட்டது. ஒரே பிளக்கில் 600 வாட். 12 வோல்ட்டில் அது 50 ஆம்பியர். குளியலறையில் இருக்கும் 3.6 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் எடுப்பதே 16 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. அதைப் போல் மூன்று மடங்கு, கட்டைவிரல் அகலப் பிளக்கில். வீட்டில் 50 ஆம்பியர் கொண்டுபோகச் சொன்னால் 10 சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்த செம்பை நான் கையில் எடுக்கமாட்டேன். இங்கே ஆறு மெல்லிய கம்பிகள். ஆறையும் கூட்டினாலும் எட்டைத் தொடாது. ஒரு முனைக்கு எட்டு ஆம்பியர் சொச்சம் போகும். தாங்குவதோ ஒன்பதைச் சற்றே தாண்டும் அளவு. நீளம் குறைவு, காற்றோட்டம் உண்டு என்பதெல்லாம் சரிதான். ஆனால் ஆறு கம்பியை இணையாக ஓடவிட்டு, எல்லாம் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் என்று நம்புவது வயர்மேன் புத்திக்கு ஒவ்வாதது. ஒரு முனையில் பிடிப்பு கொஞ்சம் தளர்ந்தால் அதன் பங்கை மற்ற ஐந்தும் சுமக்கும். சுமக்கிறோம் என்று யாரிடமும் சொல்லாது.

இந்தப் பிளக்கிலும் பேசும் முனைகள் உண்டு, நான்கு. அவற்றில் இரண்டு, எர்த்தைத் தொடுவதா தொடாமல் இருப்பதா என்பதை வைத்து நான்கு விதமாகச் சொல்லும்: 600, 450, 300, 150. அதே ஆண்டு அக்டோபரில் என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வந்ததும் பிளக்குகள் உருகிய படங்கள் வெளிவரத் தொடங்கின. பிளக் முழுக்க உள்ளே போகாததுதான் பொதுவாகக் காணும் காரணம் என்று என்விடியா சொன்னது. இருக்கலாம். ஆனால் பிளக் முழுக்கப் போகாதபோதும் பேசும் முனைகள் தொட்டுக்கொண்டு "600 தரலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது பயன்படுத்துபவனின் குற்றம் மட்டும்தானா? 2023-ல் செய்த திருத்தம் எனக்கு அந்தக் கேள்வியின் பதிலாகவே படுகிறது. பேசும் முனைகளை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் குட்டையாக்கினார்கள்; மின்சாரம் சுமக்கும் முனைகளைக் கால் மில்லிமீட்டர் நீட்டினார்கள். இரண்டு அடையாள முனையும் எதையும் தொடாவிட்டால் முன்பு 150 வாட் கிடைக்கும்; இப்போது ஒன்றும் கிடையாது. எங்கள் மூன்று முள் பிளக்கிலும் மின்கார் சார்ஜரிலும் ஏற்கெனவே இருந்த பாடம், ஒன்றரை மில்லிமீட்டரில் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் அடையாள முனை 'கேபிள் எது, உட்கார்ந்ததா' என்று மட்டுமே சொல்லும். ஆறு கம்பியில் எது எவ்வளவு சுமக்கிறது என்று சொல்லாது. 2025-ல் ஆர்டிஎக்ஸ் 5090 வந்தபோது ஒரு சோதனையாளர் ஒரே கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடுவதை அளந்து காட்டினார்.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. செந்தூலில் குடித்த தேநீர்தான் நினைவுக்கு வந்தது.

போலே, போலே

மருமகளின் ரைசருக்குச் சரியான கேபிள் தேடி புடு பக்கம் ஜாலான் பாசாருக்குப் போனேன். மின்னணு உதிரிபாகம் வாங்க நான் போகும் தெரு அதுதான். பவர் சப்ளையிலிருந்து நேரே வரும் ஆறு முள் கம்பிதான் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் மேசைக்கடியில் துழாவி, நெகிழிப் பையில் இருந்த ஒன்றை நீட்டினார். ஒரு முனை ஆறு முள், மறுமுனை சாட்டா. கருகியதன் கூடப் பிறந்தது.

"இது வேண்டாம்" என்றேன்.

"போலே, போலே. முவாட்" என்றார், இரண்டு விரலைக் கோத்துக் காட்டி. ஆகும், பொருந்தும்.

நான் சொன்னதைவிட அவர் ஒன்றும் மோசமாகச் சொல்லிவிடவில்லை. ஆகையால் சண்டை போடவில்லை. கடைசியில் தேடி அலைந்ததே வீண். மருமகளின் பவர் சப்ளையோடு வந்த பையில், அதே கம்பெனி அதற்கென்றே கொடுத்த கேபிள் பிரிக்காமல் இருந்தது. இன்னொரு பவர் சப்ளையின் கேபிளை எடுத்துச் செருகலாமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். கார்டு பக்கத்துப் பிளக்குக்குத்தான் பொதுத் தரம் உண்டு. பவர் சப்ளை பக்கத்தில் எந்தத் துளையில் எந்த வோல்ட் என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு விதம். பிளக் அச்சாகப் பொருந்தும், ஹார்ட் டிஸ்க்கின் 5 வோல்ட் கம்பியில் 12 வோல்ட் போகும்.

போன சனிக்கிழமை போனபோது கணினிக்குள் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கேபிளின் கழுத்திலும் காகித ஒட்டுப்பட்டை. அதில் பேனாவால் எண்கள். 54, 75, 150. யார் எவ்வளவு தாங்குவார்கள் என்று மருமகள் எழுதி ஒட்டியிருக்கிறாள். அதோடு விடவில்லை. வரவேற்பறை எக்ஸ்டென்ஷன், இஸ்திரிப் பெட்டி, சோற்றுப் பானை என்று வீடு முழுக்க எண்கள். தங்கை சோற்றுப் பானையின் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இது என்ன அண்ணா, இவள் எல்லாவற்றுக்கும் விலை ஒட்டி வைத்திருக்கிறாள்? விற்கப் போகிறாளா?"